பழைய மீன்பிடி படகை வீட்டு முற்றத்தில் புதுப்பித்தல்

உழவனுக்கு ஏரும் எருதும் எவ்வாறோ, அவ்வாறே மீனவனுக்குப் படகு. ஏர் பழுதுபட்டால் விதைப்புத் தள்ளிப் போகும். படகு பழுதுபட்டால் அன்றைக்கே அடுப்பில் உலை ஏறாது. பழுதை அறியாமல் கடலில் இறங்கினாலோ உயிருக்கே கேடு வரும். ஆகவே, பழைய படகைச் செப்பனிடுதல் ஒரு குடும்பத்தின் வருவாயையும், கடனையும், உயிர்ப் பாதுகாப்பையும் ஒருங்கே தொடும் செயலாகும்.

நம் மீஞ்சூர் வட்டாரம் வயலும் உப்பங்கழியும் அடுத்தடுத்து அமைந்த பகுதி. ஒருபுறம் நெல் விளையும் சிற்றூர்கள். மறுபுறம் பழவேற்காடு ஏரியையும் காட்டுப்பள்ளிக் கடற்கரையையும் நம்பி வாழும் குப்பங்கள். ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியிலும், கொசத்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்திலும் கலக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தபோது, வீடுகளில் சிக்கிய மக்களை மீட்க மீனவர்கள் தம் படகுகளுடன் முன்வந்ததை யாவரும் அறிவர். எனவே, குப்பத்துப் படகு நல்ல நிலையில் இருப்பது உள்நாட்டு உழவர்களுக்கும் நன்மை தருவதே.

புதிய படகு வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. பலர் பழைய படகையே வீட்டு முற்றத்திலோ கரையிலோ கவிழ்த்து வைத்துச் செப்பனிடுகின்றனர். அவ்வாறு செப்பனிட்ட படகுகளுள் சில பல ஆண்டுகள் உழைக்கின்றன. சில ஒரு பருவத்திலேயே மீண்டும் பிளக்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பூசிய பொருளில் இல்லை. பூசுவதற்கு முன் செய்த, அல்லது செய்யத் தவறிய வேலையில்தான் இருக்கிறது. படகைச் சோதித்தல், உலர்த்தல், சுரண்டல் ஆகிய மூன்றும் முறையாக நடந்தால் பாதி வேலை முடிந்ததென்றே கொள்ளலாம். இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முன்னோர் கண்ட முறை

சென்னைக் கடற்கரையில் வழங்கிய மிதவை கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்து அதனை அமைத்தனர். ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் இச்சொல் புகுந்துவிட்டது. மீன்பிடித்துத் திரும்பியதும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பது வழக்கம். நீரை உறிஞ்சிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும், விரைவில் மட்கும் என்பதை நம் மீனவர் நன்கு அறிந்திருந்தனர்.

சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளும் ஆணியால் அடிக்கப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது தையல் சற்றே நெகிழ்ந்து கொடுத்தமையால் பலகை பிளக்கவில்லை. கயிறு நைந்ததும் பிரித்து, பலகைகளைப் பார்வையிட்டு, மீண்டும் தைத்துக் கொண்டனர்.

இவ்விரண்டிலும் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பிரித்துப் பார்த்து, உலர்த்தி, மீண்டும் கட்டுவதற்கு ஏற்றவாறே நம் முன்னோர் கலங்களை அமைத்தனர். இன்றைய பைபர் படகைப் பிரிக்க இயலாது. அதனால் அதன் உள்ளே தங்கும் ஈரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பைபர் படகுக்குப் பழுதே வராது என்ற தவறான எண்ணம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பைபர் படகு வந்த வரலாறு

நல்ல மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் உயர்ந்த காலத்தில், கண்ணாடி இழைப் படகுகள் நம் கரைக்கு வந்தன. 1979-ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரைகளில் அலை கடந்து ஏறி இறங்கத்தக்க சிறு படகுகளை வடிவமைத்துச் சோதிப்பது அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலையில் கட்டுமரங்களும் படகுகளும் பெருமளவில் அழிந்தன. அரசும் தொண்டு நிறுவனங்களும் அவற்றுக்கு ஈடாகப் பைபர் படகுகளை வழங்கின. குறுகிய காலத்தில் மிகப் பல படகுகளைக் கட்ட நேர்ந்ததால், அவை யாவும் ஒரே தரத்தில் அமையவில்லை. அக்காலத்துப் படகுகளுள் இன்றும் ஓடுபவை இருபது ஆண்டுகளைக் கடந்தவை. ஆதலால், எதனைச் செப்பனிடலாம், எதனைக் கைவிட வேண்டும் என்னும் வினா இன்று குப்பந்தோறும் எழுகிறது.

பைபர் என்பது என்ன?

வைக்கோல் கலந்த மண்சுவரை நம் உழவர்கள் அறிவர். மண் மட்டும் இருந்தால் சுவர் வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் சுவராகாது. பைபர் படகும் அத்தகையதே. கண்ணாடி இழை வைக்கோலைப் போன்றது. அதுவே வலிமை தருகிறது. ரெசின் மண்ணைப் போன்றது. அது இழைகளைப் பிணைக்கிறது. ரெசின் மிகுந்தால் படகு வலுப்பெறும் என்று எண்ணி மேன்மேலும் ஊற்றுவது தவறு. அவ்விடம் கனமாகும், ஆனால் மொறுமொறுப்பாகி எளிதில் வெடிக்கும்.

இழை இரு வகையில் கிடைக்கிறது. நறுக்கிய இழைகளைப் பாய் போலப் பரப்பியது மேட். நூலைத் துணி போல நெய்தது ரோவிங். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்புத் தரும். எடைக் கணக்கில் 1 பங்கு மேட்டுக்கு 2 முதல் 2½ பங்கு ரெசினும், 1 பங்கு ரோவிங்குக்கு 1 பங்கு ரெசினும் போதுமானவை.

முதற்படி: சோதித்தல்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. செலவில் இறங்குமுன் படகைக் கரையேற்றி, கழுவி, நிழலில் வைத்து, மூன்று வகையில் சோதிக்க வேண்டும்.

ஒன்று, தட்டிப் பார்த்தல். சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ படகு முழுவதையும் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்க. நல்ல இடத்தில் ஓசை கூர்மையாக எழும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும் உள்ளே நீர் தேங்கிய இடத்திலும் ஓசை மந்தமாக இருக்கும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் குறித்துக்கொள்க.

இரண்டு, அழுத்திப் பார்த்தல். அடித்தளத்தையும் பக்கங்களையும் உள்ளங்கையாலும் காலாலும் அழுத்துக. முன்பு விறைப்பாக இருந்த பக்கம் இப்போது உள்வாங்கி எழுந்தால், அங்கு இழை அறுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

மூன்று, குத்திப் பார்த்தல். பெரும்பாலான பைபர் படகுகளில் எஞ்சின் அமரும் இடத்திலும், பின்பலகையிலும், குறுக்குத் தாங்கிகளிலும் உள்ளே மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும். போல்ட் துளை வழியாகக் கூரிய கம்பியைச் செலுத்திப் பார்க்கவும். கம்பி எளிதில் இறங்கி, ஈரத்தூள் வெளிவந்தால், உள்ளிருக்கும் மரம் மட்கிவிட்டது.

வேறொரு குறிப்பும் உண்டு. முன்பு எட்டுப் பேர் தள்ளியதும் மணலில் நகர்ந்த படகுக்கு இப்போது பன்னிரண்டு பேர் தேவைப்பட்டால், மிதவை அறைகளிலோ மரப்பகுதிகளிலோ நீர் புகுந்துள்ளது என்பது தெளிவு.

நம் பகுதியில் பழுது எங்கு மிகுதியாக ஏற்படும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடி ஆழம் குறையும் காலங்களில் படகின் அடி தரையில் இடிபடும். மணலில் இழுப்பதால் அடிப்பகுதி தேயும். எஞ்சின் அதிர்வால் போல்ட் துளைகள் அகன்று நீருக்கு வழிவிடும். வெயிலால் மேற்பூச்சு சுண்ணாம்பு போல் உதிரும். இவற்றுள் கடைசியாகக் கூறியது தோற்றக் குறையே. மற்ற மூன்றும் வலிமையைக் குறைப்பவை.

செப்பனிடத் தகாத படகு

நீளவாக்கில் ஓடும் அடிமுதுகு குறுக்கே முறிந்த படகையும், அடுக்குகள் படகு முழுவதும் பிரிந்து எங்கு தட்டினும் மந்த ஓசை எழுப்பும் படகையும் கடலுக்கு அனுப்புவதற்காகச் செப்பனிடாதிருத்தலே நன்று என்பது நம் கருத்து. அதற்கு ஆகும் ரெசினும் உழைப்பும் புதிய படகின் விலையை நெருங்கும். வலிமையோ அதில் பாதியும் இராது. ஒரு படகைக் கைவிட முடிவு செய்வதும் செப்பனிடும் கலையின் ஒரு பகுதியே. எஞ்சின், போல்ட், கயிறு, நல்ல பலகை ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு உடலை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாம் படி: கழுவலும் உலர்த்தலும்

2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு கலந்து, படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. இத்தகைய எண்ணெய் ஒட்டிய படகைச் செப்பனிடுகையில் ஒரு விதியை மறவாதிருக்க வேண்டும். முதலில் எண்ணெயை நீக்கி, பிறகே தேய்க்க வேண்டும். எண்ணெயோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் புகுந்து தங்கிவிடும். அதன்மேல் எந்த ரெசினும் பிடிக்காது. சோப்பு நீரால் பலமுறை கழுவி, உலர்ந்தபின் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். இன்றேல் ஓரிடத்து எண்ணெயை மற்றோரிடத்தில் பூசியதாகவே முடியும்.

உப்பைப் போக்க நன்னீரால் கழுவுவதும் இன்றியமையாதது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பின்னர், பழுதான மேற்பரப்பைச் சுரண்டித் திறந்துவிட்டு, கூரையின் கீழ் காற்றோட்டமான இடத்தில் படகைக் கவிழ்த்து வைக்கவும். ஓரிரு வாரங்களாவது இவ்வாறு உலர வேண்டும். போதுமான அளவு உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு முழம் சதுரமுள்ள தெளிந்த பாலிதீன் தாளைச் சுரண்டிய இடத்தின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்துவிடுக. மறுநாள் வெயில் ஏறியபின் பார்க்கையில் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தென்பட்டால் ஈரம் நீங்கவில்லை. துளி தோன்றாத வரையில் உலர்த்தலைத் தொடர வேண்டும்.

இதற்கு ஏற்ற பருவம் எது? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லை. அப்போது அவற்றின் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். ஆகவே சிறு படகு உடையவர்கள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதக் கடைசியில் படகைக் கரையேற்றி, பங்குனிக்குள் வேலையை முடிப்பது சிறந்தது. வெயிலின் கடுமையும் அப்போது குறைவு.

மூன்றாம் படி: சுரண்டிச் சரிவெடுத்தல்

பழுதான பகுதியை முழுவதும் வெட்டி நீக்க வேண்டும். மங்கிய வெண்மை நிறம் போய், நல்ல இழை தெரியும் வரை சுரண்ட வேண்டும். துளையின் ஓரம் செங்குத்தாக இருந்தால் புதிய ஒட்டு அவ்விளிம்பிலேயே பிரியும். தடிப்பைப்போல் குறைந்தது 12 மடங்கு அகலத்திற்கு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பக்கத்தின் தடிப்பு 6 மில்லிமீட்டர் எனில், சரிவின் அகலம் சுற்றிலும் 72 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு விரற்கிடை இருக்க வேண்டும். சொரசொரப்பான உப்புத்தாள் பொருத்திய கிரைண்டர் இதற்கு உதவும்.

வேலை நடக்கும் வரை படகின் உருவம் மாறாதபடி, பக்கங்களுக்கு முட்டுக்கொடுத்து, அடியில் மணல்மூட்டைகளை அடுக்கி வைக்க வேண்டும். நெளிந்த நிலையில் ரெசின் இறுகினால் அந்நெளிவே நிலைத்துவிடும்.

கண்ணாடித்தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கு விளைப்பது. தகுந்த முகமூடியும், கண்ணாடியும், முழுக்கை உடையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. தொட்டிலும் அடுப்பும் உள்ள முற்றத்தில் தேய்க்காமல், காற்று வீட்டைவிட்டு வெளிநோக்கி வீசும் பக்கத்தில், குழந்தைகளை அகற்றிவிட்டுச் செய்ய வேண்டும்.

நான்காம் படி: ரெசினும் இழையும்

பொதுவாக விற்கப்படும் ரெசினுடன் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்னும் இரு திரவங்களைச் சேர்த்தால் அது இறுகும். இங்கு ஓர் எச்சரிக்கை. கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரே ஒன்றாகக் கலக்கக் கூடாது. அவை தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் வெவ்வேறு இடங்களில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேலையிடத்தில் பீடி, சிம்னி விளக்கு, அடுப்பு எதுவும் இருத்தலாகாது. ரெசினிலிருந்து எழும் ஆவி எளிதில் தீப்பற்றக் கூடியது.

கேட்டலிஸ்ட் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை தேவைப்படும். கோபால்ட்டின் அளவை ரெசின் விற்பவரின் அளவுத்தாளைப் பார்த்துச் சேர்க்கவும். கண்ணளவு, மூடியளவு என்று விடாமல் தராசைப் பயன்படுத்துக. ஒரு முறைக்கு 1 கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். 15, 20 நிமிடங்களில் அது கெட்டியாகிவிடும். உச்சி வெயிலில் இன்னும் விரைவாகும். காலையிலோ மாலையிலோ நிழலில் செய்வதே முறை.

அசிட்டோனால் துடைத்த சரிவின்மேல் முதலில் ரெசினைத் தடவி, அதன்மேல் மேட்டை வைக்கவும். பழைய பரப்பைத் தொடும் முதல் அடுக்கு எப்போதும் மேட்டாகவே இருக்க வேண்டும். நெய்த ரோவிங் அவ்வளவு நன்றாக ஒட்டாது. சிறிய துண்டில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைவிடச் சுற்றிலும் சற்றுப் பெரியதாக வெட்டுக. ஒவ்வோர் அடுக்கிலும் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுக. குமிழி தங்கிய இடமே நாளை நீர் புகும் இடம். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் இட்டால் சூடு மிகுந்து வெடிப்புக் காணும். சூடு தணிந்தபின் தொடர்க.

பொருள் வாங்குமுன் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பழுதின் பரப்பு 2 சதுர மீட்டர். 450 கிராம் மேட் 3 அடுக்கு, 600 கிராம் ரோவிங் 1 அடுக்கு தேவை எனக் கொள்வோம். மேட்டின் எடை 2.7 கிலோ, ரோவிங் 1.2 கிலோ. மேட்டுக்கு 2½ மடங்காக 6.75 கிலோ ரெசினும், ரோவிங்குக்கு 1.2 கிலோவும் சேர்த்து ஏறக்குறைய 8 கிலோ ஆகிறது. சிந்துவதற்கும் தூரிகையில் தங்குவதற்கும் ஒரு கிலோ கூட்டி 9 கிலோ வாங்கினால் போதும். இவ்வாறு எழுதிப் பார்த்துக் கடைக்குச் செல்பவர் மிகையாகவும் வாங்க மாட்டார். பாதியில் பொருளின்றி நிற்கவும் மாட்டார்.

சாதாரண ரெசின் காற்றுப்படும் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே இருக்கும். இறுதிப் பூச்சுக்கு மெழுகு கலந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு வாரமாவது படகை நீரில் இறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எஞ்சின் தாங்கியில் மட்கிய மரத்தை முழுவதும் தோண்டி எடுத்து, உலர்ந்த புது மரம் வைத்து, எல்லாப் பக்கங்களையும் பைபரால் மூட வேண்டும். போல்ட் துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, ரெசினால் அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிட்டால், மரத்துக்கு நீர் எட்டாது.

மரப்படகுக்குப் பைபர் போர்த்தலாமா?

ஏரியில் ஓடும் பழைய மரப்படகுகளின்மேல் பைபர் பூசிவிட்டால் கசிவு நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். கசிவு சில மாதங்களுக்கு நிற்கலாம். ஆனால் ஈரமரத்தின்மேல் போர்த்திய பைபர், கறையான் அரித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு ஒப்பாகும். உள்ளே சிறைப்பட்ட ஈரத்தால் மரம் மட்கும். போர்வை தனியே கழன்று வரும். சாதாரண ரெசின் மரத்தை உறுதியாகப் பற்றுவதும் இல்லை. எபாக்சி வகை ரெசின் நன்கு பற்றும், விலை மிகுதி. நன்கு உலராத மரத்துக்கு அதுவும் பயன்படாது. ஆதலால், பலகைகள் நல்ல நிலையிலுள்ள மரப்படகுக்கு, கெட்ட பலகையை மட்டும் மாற்றி, இடுக்குகளில் நார் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் அடைக்கும் பழைய முறையே செலவு குறைந்ததும் பொருத்தமானதும் ஆகும்.

மிதப்பு: மறக்கலாகாத பகுதி

கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. மரப்படகு நீர் நிறைந்தாலும் ஓரளவு மிதக்கும். பைபரோ நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிறைந்தால் மூழ்கிவிடும். எனவே மூடிய மிதவை அறைகளே அதன் உயிர்நாடி. இடவசதிக்காக அவ்வறைகளைத் திறந்து ஐஸ் பெட்டியாகவும் வலைப் பெட்டியாகவும் ஆக்குவது உயிரை விற்று இடம் வாங்குவதாகும்.

எவ்வளவு மிதப்பு வேண்டும் என்பதை இவ்வாறு கணக்கிடலாம். 400 கிலோ பைபர் நீரில் மூழ்கினால் 267 லிட்டர் நீரை ஒதுக்கும். மீதி 133 கிலோவைத் தாங்க ஏறக்குறைய 133 லிட்டர் அடைத்த வெளி வேண்டும். 80 கிலோ எஞ்சினுக்கு 70 லிட்டர். இரண்டும் சேர்ந்து 203 லிட்டர். பிடித்துக்கொண்டு மிதக்கும் ஆட்களுக்காக மேலும் 100 லிட்டர் கூட்டினால், 300 லிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இது 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு. இதனை ஒரே இடத்தில் வைக்காமல், முன்னும் பின்னும் பக்கங்களிலுமாகப் பிரித்து அமைக்க வேண்டும்.

அறைக்குள் தெர்மோகோல் அடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அவ்வாறே. மேலே பைபர் பூசியதும் உள்ளே அடைத்தது சுருங்கி வெற்றிடமாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது தெரியாது. தெர்மோகோலைத் தடித்த பாலிதீன் உறையில் சுற்றி, ரெசின் தொடாதவாறு வைக்க வேண்டும்.

வெள்ளோட்டம்

முற்றத்திலேயே படகினுள் சில குடம் நீர் ஊற்றி, கசிவு உண்டா எனப் பார்க்கலாம். பிறகு அமைதியான ஏரி நீரில் இறக்கி, வழக்கமாக ஏற்றும் எடைக்கு ஈடான மணல்மூட்டைகளுடன் ஒரு நாள் நிறுத்தி வைக்கவும். அடுத்து எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டி, ஒட்டுப்போட்ட இடங்களில் விரலை வைத்து அதிர்வைக் கவனிக்கவும். இவற்றில் குறை காணாத படகே முகத்துவாரம் தாண்டத் தகுதியுடையது. உயிர்காப்பு உடை, நங்கூரம், நீர் இறைக்கும் பாத்திரம், விளக்கு ஆகியவை படகில் இருக்க வேண்டும். பதிவு எண்ணை மறைத்துப் பூசியிருந்தால் மீண்டும் தெளிவாக எழுத வேண்டும். எஞ்சினை மாற்றியவர் மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

தனி மனிதரின் படகுக்கு ஊராட்சி என்ன செய்ய இயலும் என்று சிலர் வினவலாம். நெற்களம் தனி உழவனுடையது அன்று. எனினும் ஊராட்சி அதனை அமைக்கிறது. அவ்வாறே குப்பத்துக்கு ஒரு பொதுக் கூரையும், சமன்படுத்திய தளமும், நன்னீர்க் குழாயும், மின் இணைப்பும் இருந்தால், ஒரு படகு அவ்விடத்தில் உலர, மற்றொன்று செப்பனிடப்படும். வீடுகளில் கண்ணாடித்தூள் பரவுவதும் குறையும். கிரைண்டர், தராசு, உருளை, முகமூடி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைவிட, மீனவர் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ வாங்கி வாடகைக்கு விடுவது சிக்கனமானது.

பயிற்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது. இராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை உள்ளது. ஊராட்சி கேட்டால் வல்லுநரை அழைத்து ஒரு நாள் செயல்விளக்கம் நடத்த வழி காணலாம். கிராம சபையில் இதற்கான தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது முதற்படி.

கடனைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்தில் மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றுப் படகைச் செப்பனிடுபவர், பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே தர நேர்கிறது. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 ஆண்டு வரவு செலவுத் திட்ட அறிவிப்பின்படி மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. அன்றாடத் தொழிற்செலவுக்கு வங்கிக் கடன் கிடைத்தால், கைப்பணத்தைப் படகுக்குப் பயன்படுத்தலாம். செப்பனிடத் தகாத படகு உடையவர்கள், 2020-இல் தொடங்கிய பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்ப் பாரம்பரிய மீனவர்களுக்கான படகு, வலை உதவியைப் பற்றி மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துப் பயன்பெறலாம்.

கைவிட்ட பைபர் உடல்களை எரிக்கக் கூடாது. அதன் புகை நச்சுடையது. ஏரிக்கரையிலும் அலையாத்திச் செடிகளின் இடையிலும் போட்டுவைப்பதும் தீது. அது மட்காது, உடைந்து சிம்புகளாகிக் காலில் குத்தும், வலையைக் கிழிக்கும். அதே காரணத்தால் மாடுகளுக்குத் தீவனத் தொட்டியாகவும் பயன்படுத்தலாகாது. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து அகற்றும் ஏற்பாட்டை ஊராட்சியே மேற்கொள்ள வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது. படகை விரைவில் கடலில் இறக்க வேண்டும் என்ற ஆவல் இயல்பே. வீட்டில் வருவாய் நின்றிருக்கும்போது இரண்டு வாரம் உலர விடுவது எளிதன்று. ஆயினும் அவ்விரண்டு வாரப் பொறுமை பல பருவங்களின் உழைப்பைக் காக்கும். கட்டுமரத்தை அன்றாடம் அவிழ்த்து மணலில் உலர்த்திய மக்களுக்கு இது புதிய பாடமும் அன்று. வரும் தை மாதத்தில் ஒவ்வொரு குப்பமும் தன் படகுகளைத் தட்டிப் பார்த்து, நல்லன எவை, செப்பனிடத் தக்கன எவை, கைவிட வேண்டியன எவை என்று ஒரு பட்டியல் எழுதுமாக. அப்பட்டியலைக் கையில் கொண்டு கிராம சபைக்கு வந்தால், மேற்கொண்டு ஆக வேண்டியவற்றை நாம் யாவரும் கூடி முடிக்கலாம்.